பர்தோனக்காவும் மாப்பிள்ளையும்

புதுச்சேரியில் கோபப்படத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பர்தோனக்கா. மற்ற நாமெல்லோரும் எரிச்சல்படுகிறோம், சலித்துக்கொள்கிறோம், வாட்ஸப்பில் முகம் சிவந்த பொம்மையை அனுப்பிவிட்டுக் குப்புறப் படுத்துத் தூங்குகிறோம். இதற்கெல்லாம் கோபம் என்று பெயர் வைப்பது அக்காவுக்குச் செய்கிற அவமரியாதை.

பெயர்க் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குச் சொந்தமாக ஒரு பெயர் உண்டு. ஞானஸ்நானத்தில் வைத்தது, நீளமானது, சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதைப் பார்த்தவர் கிடையாது. அப்பா மில் தொழிலாளி. மகள் பெரிய உத்தியோகம் பார்க்க வேண்டும் என்று கன்னியர் பள்ளியில் பிரெஞ்சு படிக்கப் போட்டார். ஐந்தாம் வகுப்போடு பள்ளி மாறியது, பிரெஞ்சும் போனது. ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டது. "பர்தோன்?" மன்னிக்கவும், என்ன சொன்னீர்கள் என்று மரியாதையாகக் கேட்பதற்காக பிரெஞ்சுக்காரன் வைத்திருந்த சொல். அக்காவின் வாயில் அது செருப்பைக் கழற்றுகிற சத்தத்தோடு வரும். வேலைக்கு இங்கிலீஷ், சாப்பாட்டுக்குத் தமிழ், சண்டைக்கு பிரெஞ்சு. அப்படித்தான் அவர் மொழிகளைப் பிரித்து வைத்திருந்தார்.

எங்கள் ஆபீஸ் மிஷன் வீதிக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. கடல் தாண்டி ஓர் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, கண்டதையெல்லாம் வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவார்கள். நாங்கள் பதினான்கு பேர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு டைப் அடித்துத் திருப்பி அனுப்புவோம். அதுதான் தொழில். நான் அப்போதும் பத்திரிகையில் இந்தப் பத்தியை எழுதிக்கொண்டுதான் இருந்தேன். வயிற்றுக்கு டைப், பெயருக்குப் பத்தி. அக்கா எங்களுக்கெல்லாம் மேலே, கடைசிச் சரிபார்ப்பு. அவர் சரி என்று சொல்லாமல் ஒரு கமா கூடக் கடல் தாண்டாது.

ஹெட்போனுக்குள் பேசும் டாக்டர்களோடு அக்கா நேருக்கு நேராகச் சண்டை போடுவார். அவர்களுக்குக் கேட்காது என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. "யோவ், வாயில இருக்கறத முழுங்கிட்டுப் பேசு." "எந்தக் காலு? இப்பத்தான எடது காலுன்ன, இப்ப வலது காலுன்ற. பர்தோன்? ஆளுக்கு எத்தினி காலுய்யா?" புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் நாள் பயந்துபோய் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காருவார்கள். இரண்டாம் வாரத்தில் அவர்களும் டாக்டர்களைத் திட்ட ஆரம்பித்திருப்பார்கள்.

இந்த ஆபீஸின் டைரக்டருக்கு நாங்கள் வைத்த பெயர் ஃபியூச்சர் சார். மூன்று வாக்கியம் பேசினால் அதில் நாலு ஃபியூச்சர் இருக்கும். காலையில் எங்கள் உரையாடலே இப்படித்தான் தொடங்கும்.

"ஃபியூச்சர் வந்துட்டாரா?"

"எங்க? நெல்லித்தோப்பு சிக்னல்ல மாட்டிக்கினு கெடக்குறாராம்."

திங்கள்கிழமைதோறும் எங்களை நிற்கவைத்து ஆரூடம் சொல்லுவார். ஆறு மாதத்தில் இந்த ஆபீஸில் காகிதமே இருக்காது. ஒரு வருடத்தில் ஈ.சி.ஆரில் கண்ணாடிக் கட்டிடம். அடுத்த தீபாவளிக்குள் கீபோர்டு என்ற பொருளைக் குழந்தைகள் மியூசியத்தில்தான் பார்க்கும். இத்தனைக்கும் ஆதாரம் ஒன்றே ஒன்றுதான், முந்தின நாள் அவர் கைபேசியில் பார்த்த வீடியோ. எனக்கு இந்த ஜாதி மனிதர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். கிளி ஜோசியக்காரர்கூடக் கிளி எடுத்த சீட்டுக்குக் கட்டுப்படுவார். இவர்கள் சீட்டைத் தாங்களே எழுதி, தாங்களே எடுத்து, பலிக்காவிட்டால் கிளி அப்டேட் ஆகிவிட்டது என்பார்கள். பலிக்காததற்காக ஒருவராவது வேலை இழந்ததுண்டா? பலிக்கும் என்று நம்பி வேலை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

நாங்கள் தலையாட்டுவோம். அக்கா மட்டும் கேட்பார்: "தேதி சொல்லுங்க சார்."

"மேடம், டெக்னாலஜிக்கெல்லாம் தேதி சொல்ல முடியாது."

"சினிமாவுக்கே ரிலீஸ் தேதி சொல்றாங்க சார்."

"சரி, ஜூன் கடைசி தேதின்னு வச்சுக்குங்க, போதுமா?"

அக்காவின் மேஜைக்குப் பின்னால் அரிசிக் கடையில் கொடுத்த தினக் காலண்டர் ஒன்று தொங்கும். நேராகப் போய், தாள்களை ஒரு கொத்தாகத் தூக்கி, ஜூன் கடைசி தேதியைத் தேடி, ‘பேப்பர் இருக்காது, டைரக்டர்’ என்று எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தார். நாங்கள் மறந்தே போனோம். ஜூன் கடைசியில் ஃபியூச்சர் சார் ஆறு பக்கம் அச்சடித்த அஜெண்டாவோடு கூட்டம் நடத்திக்கொண்டிருந்தபோது, அக்கா அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"சார், இன்னியோட நம்ம ஆபீஸ்ல பேப்பரே இருக்கக் கூடாது. இந்தப் பேப்பர எங்க போட? உங்க கையில இருக்கறதையும் குடுங்க, சேத்துப் போட்டுட்டு வந்துடுறேன்."

அதற்குப் பிறகு ஃபியூச்சர் சார் தேதி சொல்வதை நிறுத்திவிட்டு, பெங்களூரிலிருந்து ஆளைக் கூட்டி வந்தார்.

வந்தவர் ஓர் ஆலோசகர். இருபத்தேழு வயது இருக்கும். கால்சட்டை கணுக்காலுக்கு மேலேயே வளர்ச்சியை நிறுத்திக்கொண்டிருந்தது. திரையில் ஒரு கோடு கீழேயிருந்து கிளம்பி மேலே மேலே போய்க் கூரையைத் தொட்டது. அது என்ன கோடு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கடைசியில் கையைத் தட்டிக்கொண்டு அறிவித்தார்: "டிசம்பருக்கு அப்புறம் டைப்பிஸ்ட்ன்ற ரோலே உலகத்துல இருக்காது."

"பர்தோன்?" என்றார் அக்கா.

ஆலோசகர் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, யூ ஸ்பீக் பிரெஞ்ச்!"

"இருக்க மாட்டாங்கன்னா, எங்க போயிடுவாங்க?"

"எவால்வ் ஆயிடுவாங்க மேடம். எல்லாரும் ப்ராம்ப்ட் எஞ்சினியர் ஆயிடுவாங்க."

அக்கா பக்கத்திலிருந்த வாணியின் தோளைப் பிடித்து எழுப்பி நிற்கவைத்தார். "இவ வாணி. எட்டு மாசப் புள்ளய அவங்கம்மாகிட்ட வுட்டுட்டு தவளக்குப்பத்துலேருந்து பஸ் புடிச்சு வரா. பன்னெண்டாவதுதான் படிச்சிருக்கா. இவளும் எஞ்சினியர் ஆயிடுவாளா?"

"டெஃபனட்லி!"

"ரொம்ப சந்தோசம். தேதி போட்டு ஒரு லெட்டர் குடுங்க தம்பி. சாட்சிக் கையெழுத்து நான் போடுறேன்."

ஆலோசகர் டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார். வாணியை ஒரு வாரம் எஞ்சினியரம்மா என்று கூப்பிட்டோம். அவள் சிரித்தாள். ஆனால் அந்த வாரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும்போது வேறு வேலைக்கான விளம்பரங்களைப் படித்துக்கொண்டு வந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு கோட்டைக் கூரை வரை இழுத்துக் காட்டிவிட்டுப் போகிறவனுக்கு இதெல்லாம் தெரியவா போகிறது?

அடுத்த மாதமே கருவி வந்தது. டாக்டரின் பேச்சைக் கேட்டுத் தானே எழுதிவிடும் செயற்கை நுண்ணறிவு. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், சூடம், எலுமிச்சம்பழம். ஃபியூச்சர் சார் ரிப்பன் வெட்டினார். இனி நாங்கள் டைப் அடிக்க வேண்டாம். அது எழுதியதைப் பார்த்துவிட்டு ‘ஏற்கிறேன்’ என்ற பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும். நாங்கள் பத்து வருடம் வேர்த்து ஊற்றியபோது ஓடாத ஏ.சி. அதற்காக ஓடியது. அது ஏதாவது தப்பாக எழுதினால் ஃபியூச்சர் சார், "புதுசுல்ல, பழக வுடுங்க. நாமதான் அனுசரிச்சுப் போவணும்" என்றார்.

"வூட்டுக்கு வந்த மாப்பிள்ள மாதிரில்ல தாங்குறீங்க" என்றார் அக்கா. "அவரு எலயில எச்சி துப்புனாலும் நாமதான் வாசன நல்லாருக்குன்னு சொல்லணும் போல."

அன்றிலிருந்து அந்தக் கருவிக்கு மாப்பிள்ளை என்று பெயர். கம்பெனி வைத்த பெயர் இன்றைக்கு யாருக்கும் நினைவில்லை.

அக்கா மாப்பிள்ளையை வெறுத்தார் என்று நினைத்தால் தப்பு. முதல் நாளே, வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசுவது போலப் பேசும் ஒரு டாக்டரின் பதிவை அதனிடம் கொடுத்தார். அந்த ஆளின் ஒரு மருந்துப் பெயருக்காக அரை நாள் திரும்பத் திரும்பக் கேட்டு மண்டை காய்ந்தவர் அவர். மாப்பிள்ளை அத்தனை பெயரையும் கண்மூடித் திறப்பதற்குள் எழுத்துப் பிசகாமல் எழுதியது. அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கம்ப்யூட்டரின் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

"இத்தினி வருசமா எங்கடா போயிருந்த நீ?"

சந்தோஷம் வந்தாலும் அவருக்குக் கோபமாகத்தான் வரும்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அதை உட்காரவைத்துப் பரீட்சை நடத்தினார். நாற்பது பக்க நோட்டு ஒன்று, இரண்டு நிறப் பேனா. முதல் பரீட்சை, மைக்கைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை, ‘நோயாளி இரண்டு வாரம் கழித்து மறுபடி வரவும், நன்றி’ என்று எழுதியது. இரண்டாவது, ஜன்னலைத் திறந்து வீதியில் போன கோலமாவு வண்டிக்காரரின் குரலைப் பதிவு செய்தார். ‘நோயாளி கோமாவில் இருக்கிறார்’ என்று எழுதியது. மூன்றாவது, வாட்ச்மேனைக் கூப்பிட்டு மூக்கில் பொடி போட்டுத் தும்மவைத்தார். ‘நிலைமை திருப்திகரம்’ என்றது. அந்த வாட்ச்மேன் வாழ்க்கையில் வாங்கிய ஒரே நல்ல மருத்துவச் சான்றிதழ் அதுதான்.

நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. நோட்டை மூடிவிட்டு என்னிடம் சொன்னார்: "இது பொய் சொல்லலடா. பொய் சொல்றவனுக்காச்சும் உண்ம எதுன்னு தெரியும். இதுக்கு ரெண்டும் தெரியாது. சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் இது. சத்தம் இல்லாத எடத்தப் பாத்தா அதுவா எதையாச்சும் எழுதி ரொப்பிடுது. அதுவும் நம்பறாப்புல எழுதுது, அதான் ஆபத்து."

அந்த வருடம் முழுக்க எத்தனையோ நிபுணர்கள் எத்தனையோ மேடையில் பேசினார்கள். இதைவிடத் தெளிவாக எவனும் எனக்குச் சொல்லவில்லை.

அக்கா நோட்டோடு ஃபியூச்சர் சாரிடம் போனார். டாக்டர் பேச்சை நிறுத்துகிற இடங்களில் மனிதர் ஒருவர் கட்டாயம் காதால் கேட்க வேண்டும் என்றார். ஃபியூச்சர் சார் நோட்டைத் திறக்கவே இல்லை. அடுத்த திங்கள் எங்கள் தினசரி இலக்கு இரட்டிப்பானது. அதற்கடுத்த திங்கள் அதுவும் இரட்டிப்பானது. அக்காவின் ஒப்புதல் இல்லாமலேயே கோப்புகள் நேராகக் கடல் தாண்டலாம் என்றும் உத்தரவு வந்தது. அனுப்பிய பிறகு, பத்துக்கு ஒன்றை எடுத்து அவர் பார்த்தால் போதுமாம்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோபப்பட்டு எழுதுகிறவன் தன்னை விட்டுவிட்டு எழுதக் கூடாது.

கேட்டுக்கொண்டே படித்தால் இலக்கு எட்டாது. ஆகவே நான் கேட்பதை விட்டுவிட்டேன். படித்தேன். எழுத்து அத்தனை சுத்தமாக இருந்தது, முற்றுப்புள்ளி முதற்கொண்டு சரியான இடத்தில் இருந்தது. பிறகு படிப்பதையும் குறைத்துக்கொண்டேன். பச்சைப் பொத்தான், அடுத்தது, பச்சைப் பொத்தான், அடுத்தது. ஹெட்போன் கழுத்தில் மாலை மாதிரி கிடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு வந்தேன். அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"காலையில இந்த ஃபைல நீதான பாத்த?"

"ஆமாக்கா."

"கேட்டியா?"

"படிச்சேன்கா."

"படிச்சியான்னா கேட்டேன்? கேட்டியான்னுதான கேட்டேன்!"

ஹெட்போனை எடுத்து என் காதில் அவரே மாட்டினார். ஒரு வயதான டாக்டர். ஒரு வயதான நோயாளியைப் பற்றிச் சொல்கிறார். "அலர்ஜி" என்று ஆரம்பித்து நிறுத்துகிறார். காகிதம் புரட்டும் சத்தம். இருமல். மறுபடி காகிதம். பிறகு வாய்க்குள்ளேயே, "பெனிசிலின், மிக மோசமானது" என்கிறார். திரையில் மாப்பிள்ளை எழுதியிருந்தது: ‘அலர்ஜி எதுவும் இல்லை. பெனிசிலின், முன்பு போலவே.’

அதற்கு அடியில் பச்சை எழுத்தில் என் பெயர். ஏற்கப்பட்டது.

ஒத்துக்கொள்ளாத மருந்தையே கொடுக்கச் சொல்லி, என் பெயரில் போயிருக்கிறது. அக்கா அதற்குள் ஃபியூச்சர் சாரின் அறைக்குள் போயிருந்தார். கதவு திறந்தேதான் இருந்தது, ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

"சார், இந்த ஃபைலு போயிடுச்சு. ஒடனே திருப்பி வாங்கணும்."

"சிஸ்டத்துல கம்ப்ளைண்ட் டிக்கெட் போடுங்க மேடம். நாற்பத்தெட்டு மணி நேரத்துல பாப்பாங்க."

"அதுக்குள்ள ஊசி போட்டுடுவாங்க சார்!"

"மேடம், எமோஷனல் ஆகாதீங்க. எந்த சிஸ்டமா இருந்தாலும் நூத்துல ஒண்ணு ரெண்டு தப்பு வரத்தான் செய்யும்."

"அந்த ஒண்ணு யாரு?"

"என்னது?"

"நூத்துல ஒண்ணுன்னீங்களே, அது யாரு? பேரச் சொல்லுங்க. எனக்குத் தெரியும். ஃபைல்ல இருக்குது. எழுபத்தொம்போது வயசு. அவருக்குப் பேரு இருக்குது சார்!"

கிளையண்டான அந்த ஆஸ்பத்திரியின் தொலைபேசி எண் அந்த அறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும். டைரக்டரைத் தவிர வேறு யாரும் அதில் பேசக் கூடாது என்று எங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அக்கா அந்தத் தாளைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வரவேற்பறை போனுக்கு வந்தார். ஃபியூச்சர் சார் பின்னாலேயே ஓடி வந்தார். "மேடம், வயலேஷன் மேடம், போன வைங்க!" அக்கா திரும்பாமலே உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

மறுமுனையில் எடுத்தது ஓர் எந்திரக் குரல். இதற்கு ஒன்றை அழுத்தவும், அதற்கு இரண்டை அழுத்தவும்.

"ஹ்யூமன்!" என்றார் அக்கா. "ஹ்யூமன் ப்ளீஸ்!"

மன்னிக்கவும், நீங்கள் சொன்னது புரியவில்லை என்றது எந்திரம்.

"பர்தோன்?"

மன்னிக்கவும், நீங்கள் சொன்னது புரியவில்லை.

"பர்தோன்?"

இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் நான் தரையில் உருண்டு சிரித்திருப்பேன். அன்று பதினான்கு பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. வாணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அக்கா எல்லா எண்ணையும் மாற்றி மாற்றி அழுத்தினார், வைத்தார், மறுபடி போட்டார். எத்தனையாவது முறையோ, மூச்சு வாங்கும் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. வார்டு நர்ஸ்.

அக்காவின் குரல் சட்டென்று தாழ்ந்தது. அவர் அத்தனை மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. நோயாளியின் பெயர், கோப்பு எண், எந்த வரி தப்பு என்று ஒவ்வொன்றாக, எழுத்துக் கூட்டிச் சொன்னார். நர்ஸ் எங்கேயோ போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அடுத்த வேளைக்குப் பெனிசிலின் எழுதியிருக்கிறது, இன்னும் போடவில்லை, இதோ நிறுத்துகிறேன் என்றாள். பிறகு கேட்டாள், நீங்கள் யார் பேசுகிறீர்கள்?

"டைப்பிஸ்ட்" என்றார் அக்கா. "மை மிஸ்டேக். ஐ டிட் நாட் லிசன்."

என் மிஸ்டேக். நான் கேட்கவில்லை. என்னுடைய வாக்கியத்தை, எனக்கு முன்னால் நின்றுகொண்டே, அவர் எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டார். போனை வைத்துவிட்டு என் மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து முழுவதையும் குடித்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

அடுத்த திங்கள் கூட்டத்தில் ஃபியூச்சர் சார் ஒரு கடிதத்தை வாசித்தார். அனுமதியில்லாமல் கிளையண்டைத் தொடர்புகொண்டது, நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம், நடைமுறை மீறல். தானாக ராஜினாமா செய்துவிட்டால் மரியாதையாக முடித்துக்கொள்ளலாம் என்றார்.

"நான் ஏன் எழுதணும்?" என்றார் அக்கா. "தொரத்துறவரு நீங்க. நீங்களே எழுதுங்க. உங்க மாப்பிள்ளகிட்டச் சொன்னா நல்லா எழுதிக் குடுப்பாரு."

எழுதிக் கொடுத்தார்கள். அக்கா அதை வாங்கி, சிவப்புப் பேனாவால் மூன்று எழுத்துப் பிழைகளைத் திருத்தி, அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, டிபன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நாங்கள் பதினான்கு பேர் நின்றோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மற்ற பதின்மூன்று பேருக்கு ஏதேதோ காரணம் இருந்திருக்கும். எனக்கு இருந்தது பயம்.

மறுநாள்தான் எனக்கு ரோஷம் வந்தது, ஒரு நாள் தாமதமாக. ஃபியூச்சர் சாரிடம் போய், "சார், அந்த ஃபைல பாத்தது அக்கா இல்ல, நான்தான்" என்றேன்.

"தெரியுமே" என்றார், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். "யாரு பட்டன அமுக்குனாங்கன்னு சிஸ்டம் லாக்ல பதிவாகும், அதுல உன் பேருதான இருக்குது. உன்னால ஒண்ணும் பிரச்சன இல்லப்பா. போய் வேலையப் பாரு."

இந்த இடத்தில் பத்திரிகையில் அச்சிடக்கூடிய வார்த்தை எதுவும் என்னிடம் இல்லை. ஓர் உயிரோடு விளையாடியவனுக்கு முதுகில் தட்டு, அந்த உயிரைக் காப்பாற்றியவருக்கு வெளியேற்றக் கடிதம். இரண்டே மாதத்தில் ஃபியூச்சர் சார் சென்னையில் ஒரு ஹோட்டல் மேடையில் ஏறி, ‘எந்திர வேகம், மனிதக் காது’ என்று ஒரு புதுக் கொள்கையை அறிவித்தார். டாக்டர் பேச்சை நிறுத்துகிற இடங்களில் மனிதர் ஒருவர் கட்டாயம் கேட்க வேண்டும் என்பது கொள்கை. அவருடைய தொலைநோக்குப் பார்வைக்காகப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் புகைப்படத்தை ஆபீஸ் சுவரில் மாட்டினார்கள். நான் அதற்கு எதிரே உட்கார்ந்து பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். இப்போது கேட்டுவிட்டுத்தான் அழுத்தினேன் என்பதைத் தவிரச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

அக்கா வீட்டுப் பக்கம் போக எனக்கு முகமில்லை. அவர் வீடு இருக்கும் நெல்லித்தோப்பு வழியாகப் போக வேண்டியிருந்தால்கூடச் சுற்றிக்கொண்டு போனேன். ஐந்தாறு மாதம் கழித்து வாணிதான் சொன்னாள், அக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று. ஒரு சனிக்கிழமை தைரியத்தைத் திரட்டிக்கொண்டு போனேன்.

மேஜைக்கு முன்னால் நாலு பேர் வரிசை. இப்போதெல்லாம் யாரும் மனு எழுதித் தரச் சொல்லி வருவதில்லை. கைபேசியில் இருக்கும் மாப்பிள்ளைகள் நொடியில் எழுதிவிடுகிறார்கள். அதை அச்செடுக்க வருகிறார்கள். அச்செடுப்பதற்கு முன் அக்கா வாங்கிப் படிக்கிறார். நான் போனபோது கனகசெட்டிக்குளத்திலிருந்து ஒரு மீனவர், படகு எஞ்சினுக்கு உதவி கேட்கும் மனுவோடு நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு பெரியவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"யாருய்யா இவரு?"

"எங்கப்பாக்கா."

"நல்லாருக்காரா?"

"நல்லாத்தான் இருக்காரு. ஏங்கா?"

"இதுல மறைஞ்சுட்டாரே. ‘என் பாசமிகு தந்தையாரின் மறைவுக்குப் பிறகு’ன்னு எழுதியிருக்குது. நீ சொன்னியா?"

"ஐயோ, நான் எஞ்சின் ரிப்பேருன்னு மட்டுந்தான்கா சொன்னேன்!"

பெரியவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். அக்கா அந்த வரியை அடித்துவிட்டு அவரைப் பார்த்து, "கவலப்படாதீங்க, எழுப்பி வுட்டுட்டேன்" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே முன்னால் போனேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க சார். உக்காருங்க."

வாங்க. சார். பத்து வருடமாக என்னை அவர் கூப்பிட்டதெல்லாம் டேய்தான். அந்த டேய்க்குள்தான் நான் கொண்டுவந்த டிபனைப் பிடுங்கிச் சாப்பிடும் உரிமையும், என் மகளின் பரீட்சை மார்க்கைக் கேட்டு என்னைத் திட்டும் உரிமையும் இருந்தன. மரியாதை கொடுத்து என்னைத் தள்ளி நிறுத்திவிட்டார். லாக் விஷயத்தைச் சொன்னேன். ஃபியூச்சர் சாரிடம் போய் ஒப்புக்கொண்டதைச் சொன்னேன். "சரிங்க" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். "வாங்க." அதற்கடுத்த சனியும். "சொல்லுங்க." ஊரில் எல்லோர் மீதும் கோபப்படுகிறவர் என்மீது மட்டும் கோபப்பட மாட்டேன் என்கிறாரே என்று, ஒரு மாதம் மரியாதையாலேயே அடி வாங்கினேன்.

கடைசியில் வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பொன்னாடைப் புகைப்படத்துக்கு எதிரே உட்கார முடியவில்லை, அதுதான் விஷயம். ராஜினாமாக் கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு அந்தச் சனிக்கிழமை போய், வரிசையில் நின்று, என் முறை வந்ததும் நீட்டினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ‘என் வளர்ச்சிக்கு ஒளிவிளக்காகத் திகழ்ந்த நிறுவனத்துக்கும், வழிகாட்டிய பெருந்தகைக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி’ என்ற இடத்தில் அவர் புருவம் ஏறியது.

"இது மாப்பிள்ள எழுதுனதா?"

"இல்லக்கா. நானே எழுதுனது."

கடிதத்தை மேஜையில் ஓங்கி அறைந்தார். பேனா உருண்டு கீழே விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் ஓரடி பின்னால் போனார்கள்.

"நன்றியா? யாருக்குடா நன்றி? அந்தாளுக்கா நன்றி? பத்து வருசம் எம் பக்கத்துல உக்காந்து என்னாடா கத்துக்கின நீ? மெஷினாச்சும் தெரியாம எழுதுது, நீ தெரிஞ்சே எழுதிக்கினு வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல? உக்காருடா அங்க. ஒரு வெள்ளப் பேப்பர எடு. நான் சொல்றத எழுது!"

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுத்து சரியாகத் தெரியவில்லை, கண் கலங்கியிருந்தது. ஒரே பக்கத்தில் எட்டு இடத்தில் திட்டு வாங்கினேன். ஒன்பதாவதும் வாங்கலாமே என்று, தெரிந்தே ஒரு வார்த்தையைத் தப்பாக எழுதினேன்.